பைக் புக் பண்ணியாச்சு... டெலிவரி எப்போ? ஷோரூமில் உங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கு? முழு விவரம்

"பதினைஞ்சு நாள்ல வண்டி வந்துடும் சார், கவலையே படாதீங்க." பைக் ஷோரூமில் அட்வான்ஸ் கட்டும்போது பெரும்பாலானவங்களுக்குக் கிடைக்கும் பதில் இதுதான். அந்தப் பதினைஞ்சு நாள் சில நேரம் ஒரு மாசமாகும், சில நேரம் மூணு மாசமாகும். போன் போட்டுக் கேட்டால், "கம்பெனியில இருந்தே லோடு வரல" என்று பதில் வரும். அதற்குள் விலை ஏறிடும், லோன் பாஸ் ஆகி இ.எம்.ஐ.யும் ஓட ஆரம்பிச்சிடும். உணவு டெலிவரி போன்ற வேலைக்காக வண்டி எடுப்பவர்களுக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் ஒரு நாள் கூலி.

வண்டி ஏன் லேட் ஆகுது, தாமதத்துக்கு யார் பொறுப்பு, பில்லில் எதைக் கேட்கலாம், எதைக் கட்ட வேண்டியதில்லை, சர்வீஸ் சொதப்பினால் எங்கே போகணும் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

முக்கியமான 5 விஷயங்கள்

- டெலிவரி தேதியை வாயால் சொன்னால் போதாது, ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கணும்.
- ஷோரூம் வேறு, கம்பெனி வேறு. உங்க ரசீதில் யார் பெயர் இருக்கோ, அவங்கதான் முதல் பொறுப்பு.
- இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் எல்லாம் ஷோரூமிலேயே வாங்கணும் என்று கட்டாயப்படுத்த முடியாது.
- நம்பர் பிளேட் மாட்டாமல் புது வண்டியை டெலிவரி கொடுக்கக் கூடாது.
- புகாருக்கு 1915. அதிலும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயம் இல்லை.

வெயிட்டிங் ஏன் வருது?

பலரும் நினைப்பதுபோல ஷோரூம் என்பது கம்பெனியின் கிளை கிடையாது. டீலர் என்பவர் தனி வியாபாரி. கம்பெனிக்குப் பணம் கட்டி வண்டியை எடுத்து, நமக்கு விற்கிறார். அந்தப் பணம் பெரும்பாலும் வங்கிக் கடன். ஷோரூமில் சும்மா நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அவருக்கு வட்டி ஓடும். அதனால் வேகமா விற்கிற மாடல், வேகமா விற்கிற கலர், இதைத்தான் ஸ்டாக் வைப்பார். நீங்க கேட்பது கொஞ்சம் அரிதான கலர் என்றால், அடுத்த லோடு வரும்வரை காத்திருக்கணும்.

இது சாதாரணக் காரணம். இதுபோக இன்னும் மூணு காரணம் இருக்கு.

ஒன்று, புது மாடல் மோகம். 2023 ஜூலையில் ஹார்லி-டேவிட்சன் எக்ஸ்440 பைக்கை ஹீரோ மோட்டோகார்ப் அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை ரூ.2.29 லட்சம். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் 25,597 புக்கிங் குவிந்ததும் புக்கிங்கையே தற்காலிகமாக மூடிட்டாங்க. டெலிவரி தொடங்கியது அக்டோபரில்தான். முதல் சுற்றில் புக் செய்யாதவங்களுக்கு விலை ரூ.10,500 கூடியது. அதே மாதத்தில் வந்த டிரையம்ஃப் ஸ்பீட் 400 பைக்குக்கும் இதே கதை. முதல் 10,000 பேருக்கு ரூ.2.23 லட்சம், அதற்குப் பிறகு ரூ.2.33 லட்சம். அதாவது, வரிசையில் உங்க இடம் எது என்பதுக்கே பத்தாயிரம் ரூபாய் மதிப்பு.

இரண்டு, உதிரிபாகத் தட்டுப்பாடு. 2021-22ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது கார், பைக் என எல்லாத்துக்கும் காத்திருப்பு நீண்டது. 2025ல் அரிய வகை கனிம காந்தங்களின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு கொண்டுவந்ததால் மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பு அடி வாங்கியது. மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சின்ன காந்தம் கிடைக்கலைன்னாலும் முழு வண்டியும் லைனில் நின்னுடும்.

மூன்று, பண்டிகை சீசன். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் நல்ல நாள் பார்த்து எல்லாரும் ஒரே நாளில் டெலிவரி கேட்பாங்க. வண்டி ஸ்டாக்கில் இருந்தாலும் பதிவு, நம்பர் பிளேட், வாட்டர் வாஷ் என ஷோரூம் வேலை தேங்கிடும்.

ஒரு காலத்தில் 10 வருஷம்!

இந்தியாவுக்கு வெயிட்டிங் புதுசு இல்லை. தனியார் நிறுவனங்கள் எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்த காலத்தில், பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு சுமார் பத்து ஆண்டுகள் வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்தோடு அந்த முறை முடிவுக்கு வந்தது.

அடுத்த பெரிய காத்திருப்பு நம்ம சென்னையில் இருந்து வந்தது. 2009 இறுதியில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 அறிமுகமானது. 1955ல் இருந்து இயங்கிய திருவொற்றியூர் ஆலையால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியலை. புக் செய்து ஆறு மாசத்துக்கும் மேல் காத்திருந்தவங்க ஏராளம். 2013ல் ஒரகடம் ஆலை, 2017ல் வல்லம் வடகால் ஆலை என உற்பத்தி பெருகிய பிறகுதான் அந்த வரிசை கரைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஆலையில் தயாரிப்பு குறைவாக இருந்தால், ஷோரூமில் எவ்வளவு சத்தம் போட்டாலும் வண்டி வராது. ஆனா ஆலையில் இருந்து வண்டி வந்த பிறகும் உங்க வண்டி வேற யாருக்கோ போனால், அது ஷோரூம் பிரச்னை. இரண்டையும் பிரித்துப் பார்க்கணும்.

யார் பொறுப்பு: கம்பெனியா, டீலரா?

இதற்கு உச்ச நீதிமன்றமே 2021 பிப்ரவரியில் ஒரு வழக்கில் பதில் சொல்லியிருக்கு. கோவாவில் ஒருவர் 2011 மாடல் கார் என்று பணம் கட்டினார். டீலர் கொடுத்தது ஏற்கெனவே 622 கி.மீ. ஓடிய 2009 மாடல். டீலர், கார் நிறுவனம் இருவர் மேலும் அவர் வழக்குப் போட்டார். நிறுவனத்துக்கும் டீலருக்கும் இடையே உள்ளது இரு தனி வியாபாரிகளுக்கு இடையிலான உறவு, டீலர் செய்த தவறு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காதவரை அதற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

இது கார் வழக்குதான், ஆனா பைக்குக்கும் இதே கணக்குதான். தயாரிப்புக் குறை, அதாவது இன்ஜின், கியர்பாக்ஸ், பெயின்ட் போன்றவற்றில் கோளாறு இருந்தால் கம்பெனியைக் கேட்கலாம். சொன்ன தேதியில் வண்டி தரலை, பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிட்டாங்க, பில்லில் தேவையில்லாத கட்டணம் சேர்த்துட்டாங்க என்றால் முதலில் சிக்க வேண்டியது டீலர்.

சின்ன ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே இருப்பது பல நேரம் சப்-டீலர். போர்டில் ஒரு பெயர், பில்லில் மாவட்டத் தலைநகர டீலர் பெயர் என்று இருக்கும். அட்வான்ஸ் யார் பெயருக்குப் போகுது, ரசீது யார் பெயரில் வருது என்பதைப் பணம் கொடுக்கும் முன்னாடியே பாருங்க. தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால், ஷோரூம் கணக்குக்கு மட்டும்தான் அனுப்புவேன் என்று சொல்லிடுங்க.

தாமதத்துக்குச் சட்டம் என்ன சொல்லுது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கு. அதில் 2(41) பிரிவு 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்றால் என்ன என்று விளக்குது. அதில் வரும் இரண்டு விஷயம் பைக் வாங்கும் எல்லாருக்கும் தெரியணும்.

- வியாபாரி ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டி சப்ளையைத் தாமதப்படுத்தி, அதனால் விலை ஏறினாலோ, ஏற வாய்ப்பிருந்தாலோ அது இந்த வகைக்குள் வரும்.
- ஒரு பொருளை விற்க, இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியே ஆகணும் என்று நிபந்தனை போடுவதும் இதில் வரும்.

முதல் வரியில் 'ஒப்புக்கொண்ட காலம்' என்று இருக்கு இல்லையா, அங்கேதான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் தோற்கிறாங்க. சேல்ஸ்மேன் வாயால் சொன்ன பதினைஞ்சு நாளை அப்புறம் நிரூபிக்க முடியாது. ரசீதில் தேதி இருக்காது. 'டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்' என்ற வரி மட்டும் சின்ன எழுத்தில் கண்டிப்பா இருக்கும். அதாவது, தாமதம் ஆனால் நஷ்டம் யாருக்கு என்பது எழுத்தில் இருக்கு. எப்போ வண்டி வரும் என்பது மட்டும் எழுத்தில் இல்லை.

எல்லாத் தாமதமும் சட்டவிரோதம் ஆகிடாது. 'உத்தேசமாக' என்று போட்டிருந்தால், ஆலையில் தயாரிப்பு நின்றிருந்தால், டீலர் அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனா எழுத்தில் ஒரு தேதி இருந்தால், ஏன் தாமதம் என்று விளக்க வேண்டிய பொறுப்பு அவர் பக்கம் போயிடும்.

சரி, பைக்கை வேலைக்காக வாங்கினால் 'நுகர்வோர்' ஆக முடியுமா? முடியும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கும் பொருளை 'வணிக நோக்கம்' என்று சட்டம் பார்ப்பதில்லை. டெலிவரி வேலைக்கு ஒரு பைக் வாங்கி அவரே ஓட்டினால், அவரும் நுகர்வோர்தான்.

புக்கிங் ரசீதில் என்னென்ன இருக்கணும்?

- டீலரின் முழுப் பெயர், ஜி.எஸ்.டி. எண், ரசீது எண், தேதி
- மாடல், வேரியன்ட், கலர். 'கலர் எது வந்தாலும் சரி' என்பதில் கையெழுத்துப் போடாதீங்க
- கட்டிய தொகை, அன்றைய எக்ஸ்-ஷோரூம் விலை, ஆன்-ரோடு விலைப் பிரிப்பு
- எதிர்பார்க்கும் டெலிவரி தேதி
- கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பாங்க, மீதி எத்தனை நாளில் வரும்
- உங்க புக்கிங் வரிசை எண்

ரசீதில் தேதி எழுத மறுக்கிறாங்களா? வீட்டுக்கு வந்ததும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவுக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுங்க. "இன்னைக்கு இந்த மாடலுக்கு இவ்வளவு அட்வான்ஸ் கட்டினேன். இந்தத் தேதிக்குள் டெலிவரி என்று சொன்னீங்க. உறுதிப்படுத்துங்க" என்று. "ஓகே சார்" என்று அவர் அனுப்பும் ஒரே ஒரு பதிலும் பின்னாடி ஆதாரமாகும்.

லோனில் எடுப்பவங்களுக்குக் கூடுதலாக ஒரு விஷயம். புக்கிங் அன்றே லோன் தொகையை டீலருக்கு அனுப்ப வங்கியை அனுமதிக்காதீங்க. உங்க பெயருக்கு வண்டி ஒதுக்கி, சேசிஸ் எண் கொடுத்த பிறகு பணம் போகட்டும். இல்லாட்டி வண்டி கைக்கு வரும் முன்னாடியே முதல் இ.எம்.ஐ. கட்ட வேண்டியதாகிடும்.

ஒரு தேதியால் எவ்வளவு மாறும்?

2025 செப்டம்பர் 22 இதற்கு நல்ல உதாரணம். அன்றுதான் ஜி.எஸ்.டி. மாற்றம் அமலுக்கு வந்தது. 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 28 சதவிகிதத்தில் இருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. 350 சிசிக்கு மேல் இருந்தால் 40 சதவிகிதமாக ஏறியது. ராயல் என்ஃபீல்டு தன் 350 சிசி மாடல்களுக்கு ரூ.22,000 வரை விலையைக் குறைத்தது. அதே நிறுவனத்தின் 450, 650 சிசி மாடல்கள் விலை ஏறின.

அதாவது, 350க்கு மேல் உள்ள பைக்கை ஆகஸ்டில் புக் செய்து, டெலிவரி அக்டோபருக்குத் தள்ளிப்போனவருக்குக் காத்திருப்பே செலவாச்சு. 350க்குக் கீழ் எடுத்தவருக்கு அதே தாமதம் லாபமாச்சு. பில் போடும் தேதிதான் கணக்கு என்பதால், வரி மாற்றமோ விலை உயர்வோ அறிவிப்பு வந்தால், பில் தேதி என்ன என்று உடனே ஷோரூமில் எழுத்தில் கேளுங்க.

ஆன்-ரோடு விலை: எது கட்டாயம், எது இல்லை?

கட்டாயம் கட்ட வேண்டியவை இவை.

சாலை வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வந்த திருத்தத்தின்படி, புது பைக்கின் விலை ரூ.1 லட்சம் வரை என்றால் 10 சதவிகிதம், அதற்கு மேல் என்றால் 12 சதவிகிதம் ஆயுள் வரி. ரூ.1.20 லட்சத்துக்கு 12 சதவிகிதம் என்றால் ரூ.14,400. வரி ரசீதைக் கேட்டு வாங்குங்க.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ்: உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டை 5 ஆண்டுக்கும் சேர்த்து எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்ககிட்ட ஏற்கெனவே இருந்தால், இன்னொரு முறை எடுக்க வேண்டியதில்லை.

கேட்டால் மறுக்கலாம் என்பவை இவை.

இன்சூரன்ஸை அங்கேயே எடுக்கணும்: காப்பீட்டை எங்கே எடுப்பது என்பது உங்க விருப்பம். "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது" என்று சொல்வாங்க. உங்க காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த ஒர்க்‌ஷாப்புடன் ஒப்பந்தம் இருந்தால் கேஷ்லெஸ் கிடைக்கும். அவ்வளவுதான். ரெண்டு இடத்திலும் விலை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்க.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ்: இது அரசு விதித்த கட்டணம் கிடையாது. எதற்கு என்று விளக்கம் கேளுங்க, பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லுங்க. பில்லில் போட மறுத்தாலே பாதி விடை கிடைச்சிடும்.

கட்டாய ஆக்சஸரீஸ்: "கிட் எடுத்தா அடுத்த வாரமே டெலிவரி, இல்லாட்டி ரெண்டு மாசம்" என்று சொன்னால், மேலே பார்த்த 2(41) பிரிவில் இரண்டாவதாகச் சொன்னது அதுதான். இப்படிச் சொன்னதையும் மெசேஜில் பதிவு பண்ணுங்க.

ஹெல்மெட்: மத்திய மோட்டார் வாகன விதி 138ன் படி, வண்டி வாங்கும்போது பி.ஐ.எஸ். தரத்தில் ஹெல்மெட் தர வேண்டியது தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. பில்லில் ஹெல்மெட்டுக்குத் தனியாகப் பணம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்க.

சேலை கார்டு, பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி: பின் இருக்கை உள்ள பைக்கில் கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் மறைப்பு மூன்றும் இருக்கணும் என்பது விதி 123. வண்டியோடு வர வேண்டிய இதையே ஆக்சஸரீஸ் பட்டியலில் சேர்த்து விற்பது சில இடங்களில் நடக்குது.

டெலிவரி நாளில் கவனிக்க வேண்டியவை

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் கொண்டுவந்த திருத்தப்படி, ஒரே மாநிலத்துக்குள் பதிவு செய்யும் புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பம் போட வேண்டியது டீலர். பதிவு எண் மாட்டாமல் வண்டியை வாடிக்கையாளரிடம் கொடுக்கக் கூடாது. "இன்னைக்கு நல்ல நாள், வண்டியை எடுத்துட்டுப் போங்க, நம்பர் பின்னாடி வரும்" என்று சொன்னால் யோசிங்க. நம்பர் இல்லாத வண்டி வழியில் விபத்தில் சிக்கினால் தலைவலி உங்களுக்குத்தான்.

சாவி வாங்கும் முன் பத்து நிமிஷம் ஒதுக்கி இதையெல்லாம் பாருங்க.

- விற்பனைச் சான்றிதழான படிவம் 21ல் தயாரிப்பு மாதம், ஆண்டு இருக்கும். புது ஆண்டில் வாங்கும் வண்டி போன ஆண்டுத் தயாரிப்பு என்றால், தள்ளுபடி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.
- பில், இன்சூரன்ஸ், படிவம் மூன்றிலும் சேசிஸ் எண், இன்ஜின் எண் வண்டியில் உள்ளதோடு பொருந்தணும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னாடி க்ளெய்ம் சிக்கலாகும்.
- ஓடோமீட்டரைப் பாருங்க. ஒற்றை இலக்கத்திலோ சில கி.மீ.யோ இருந்தால் சரி. நூறைத் தாண்டியிருந்தால், டெஸ்ட் ரைடு வண்டியா என்று கேளுங்க.
- டேங்க், மட்கார்டு, சைலன்சரில் கீறல், துரு, பெயின்ட் வித்தியாசம் இருக்கா என்று வெயிலில் நிறுத்திப் பாருங்க. ஷோரூம் லைட்டில் எல்லா வண்டியும் பளபளன்னுதான் தெரியும்.
- பேட்டரி எண் எழுதிய வாரன்டி கார்டு, ரெண்டு சாவி, டூல் கிட், ஓனர்ஸ் மேனுவல், சர்வீஸ் கூப்பன்.
- குறை ஏதாவது இருந்தால் டெலிவரி நோட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. எழுதாமல் கையெழுத்துப் போட்டால், "வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஆகிடும்.

சர்வீஸ் ஏன் சொதப்புது?

ஒரு ஷோரூம் மாசம் நூறு வண்டி கூடுதலாக விற்றால், சில மாசத்தில் அந்த நூறு வண்டியும் ஃப்ரீ சர்வீஸுக்கு வரும். ஆனா மெக்கானிக் எண்ணிக்கையும் வண்டி நிறுத்தி வேலை பார்க்கும் இடமும் அதே வேகத்தில் கூடுவதில்லை. விற்பனைக்கு டார்கெட் இருக்கு, சர்வீஸ் தரத்துக்கு அந்த அழுத்தம் இல்லை. சனி, ஞாயிறு கூட்டத்தில் ஒரு மெக்கானிக் கையில் பல வண்டி சேரும்போது, செயின் லூஸ் பார்க்காமலே வாட்டர் வாஷ் மட்டும் பண்ணி வெளியே வரும் வண்டிகள் உண்டு.

இந்தப் பிரச்னை எவ்வளவு பெரிசாகலாம் என்பதுக்கு ஓலா எலெக்ட்ரிக் விவகாரம் உதாரணம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரிய ஆலை வைத்திருக்கும் இந்த நிறுவனத்தின் மேல், 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் வந்தன. அதில் 3,300க்கும் மேற்பட்டவை சர்வீஸ் தாமதம். 1,899 புகார்கள் புது வண்டி டெலிவரி தாமதம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. புகார்களில் 99.1 சதவிகிதத்தைத் தீர்த்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. ஆணையம் அதோடு விடாமல் விசாரணைக்கும் உத்தரவிட்டது. தனித்தனியாக வந்த போன் புகார்கள் ஒண்ணு சேர்ந்ததால்தான் இது நடந்தது.

சர்வீஸ் விடும்போது செய்ய வேண்டியவை இவை.

- ஜாப் கார்டில் ஒவ்வொரு குறையையும் உங்க வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்க. 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் போட்டால் ஒத்துக்காதீங்க. '40 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் ஆடுது' என்று எழுதணும்.
- ஃப்ரீ சர்வீஸில் ஃப்ரீ என்பது பொதுவாக மெக்கானிக் கூலி மட்டும். ஆயில், ஃபில்டருக்குப் பணம் உண்டு. உத்தேசச் செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்க. அதற்கு மேல் போனால் போன் பண்ணிக் கேட்கச் சொல்லுங்க.
- மாற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேளுங்க. வாரன்டியில் மாற்றியது என்றால் கம்பெனி எடுத்துக்கும். நீங்க காசு கொடுத்து மாற்றியது என்றால் பழசு உங்களுடையது.
- முதல் சர்வீஸைத் தவறவிடாதீங்க. பெரும்பாலான பைக்குகளுக்கு 500ல் இருந்து 1,000 கி.மீ.க்குள் வரும். தவறினால் வாரன்டி கேட்கும்போது அதையே காரணமாகச் சொல்வாங்க.
- ஒரே குறை மூணு தடவை திரும்ப வந்தால், மூணு ஜாப் கார்டையும் பத்திரமா வைங்க. தயாரிப்புக் குறை என்று கம்பெனியிடம் கேட்க அதுதான் உங்க ஆதாரம்.

புகார் எங்கே, எப்படி?

முதல் படி, ஷோரூம் மேலாளருக்கு எழுத்தில் புகார். போனில் பேசினாலும், அதையே மெயிலாகவோ மெசேஜாகவோ அனுப்பிடுங்க.

இரண்டாம் படி, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீங்க. டீலர் தனி வியாபாரியாக இருந்தாலும், அவருக்கு வண்டி தருவது கம்பெனிதான். அங்கிருந்து ஒரு மெயில் வந்தால் பல பிரச்னை அன்றே முடியும்.

மூன்றாம் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இது நீதிமன்றம் இல்லை, தீர்ப்பு சொல்லாது. உங்க புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும்.

நான்காம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த பணம் ரூ.50 லட்சம் வரை இருந்தால் இங்கே வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, கிட்டத்தட்ட எல்லா பைக்கும் இதற்குள் வந்திடும். பிரச்னை வந்து 2 ஆண்டுக்குள் போடணும். நீங்க குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2025 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பொதுவாக 3 மாதத்துக்குள், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்லுது. நடைமுறையில் இதைவிட அதிகம் ஆகலாம். அதனால்தான் முதல் மூணு படியையும் சரியாச் செய்வது முக்கியம்.

பதிவு, நம்பர் பிளேட் தாமதம் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புக்கிங்கை கேன்சல் செய்தால் முழுப் பணமும் வருமா?
ரசீதில் உள்ள நிபந்தனையைப் பொறுத்தது. ஆனா ஒப்புக்கொண்ட தேதியில் டீலர் வண்டி தராததால் நீங்க கேன்சல் செய்தால், முழுத் தொகையையும் கேட்பதுதான் நியாயம். ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை 'நேர்மையற்ற வணிக நடைமுறை' பட்டியலில் சட்டம் சேர்த்திருக்கு.

பக்கத்து மாவட்டத்தில் வண்டி ரெடியா இருக்காம். அங்கே வாங்கலாமா?
தாராளமா. உங்க மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் வண்டியைப் பதிவு செய்ய 2019 திருத்தம் வழி செய்யுது. ஒரே மாடலுக்கு ஒரு ஊரில் ரெண்டு மாச வெயிட்டிங் இருக்கும், அறுபது கி.மீ. தள்ளி உள்ள ஊரில் ஸ்டாக் இருக்கும். புக் செய்யும் முன் நாலு ஷோரூமுக்கு போன் போடுங்க. ஃப்ரீ சர்வீஸை உங்க ஊர் ஷோரூமில் விடலாமா என்பதையும் அப்படியே கேட்டுக்கோங்க.

சீக்கிரம் டெலிவரி வேணும்னா கூடுதல் பணம் கேட்கிறாங்க. கொடுக்கலாமா?
பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. பில்லில் இல்லாத பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, புகாரில் காட்டவும் முடியாது.

டெலிவரி தேதி தாண்டிடுச்சு. என்ன எழுதி அனுப்பணும்?
இப்படி அனுப்பலாம்: "இந்த ரசீது எண்ணில், இந்தத் தேதியில், இந்த மாடல் பைக்குக்கு இவ்வளவு தொகை கட்டியுள்ளேன். இந்தத் தேதிக்குள் டெலிவரி தருவதாக உறுதி சொன்னீர்கள். இதுவரை வண்டி வரவில்லை. 7 நாளுக்குள் சேசிஸ் எண்ணுடன் டெலிவரி தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். புக் செய்த நாளின் விலையிலேயே பில் போடவும். இல்லையெனில் முழுத் தொகையையும் திருப்பித் தரவும்." இதை ஷோரூம் மெயிலுக்கும், கம்பெனி வாடிக்கையாளர் சேவை மெயிலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்க.